கணக்கில் விட்டுப்போன இரண்டு வருஷம்

பொன்னாடை என்ற பெயரில் பொன் இருக்கிறது, ஆடையும் இருக்கிறது. கடையில் போய் வாங்கினால் இரண்டும் இல்லை. நூற்றைம்பது ரூபாய்க்குப் பளபளவென்று ஒரு பாலியஸ்டர் சமாசாரத்தை மடித்துத் தருகிறார்கள். ஒரு மனிதரை கௌரவிக்க வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் நமக்குத் தெரிந்த ஒரே வழி அதை அவர் தோளில் போடுவதுதான். போடுகிறவர் கேமராவைப் பார்ப்பார். போட்டுக்கொள்கிறவரும் கேமராவைப் பார்ப்பார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பொன்னாடை போட்டோ யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.

வீட்டுக்கு வந்த பொன்னாடையை என்ன செய்வது? குளிருக்குப் போர்த்தினால் வழுக்கிக்கொண்டு போகும். துடைக்கலாம் என்றால் தண்ணீரை உறிஞ்சாது. டி.வி.க்கு உறையாகப் போடலாம் என்றால் இப்போதைய டி.வி. சுவரோடு ஒட்டிக்கொண்டு மெலிந்துவிட்டது. ஆகவே அது பீரோவில் கொஞ்ச நாள் தூங்கிவிட்டு, அடுத்த விழாவில் அடுத்தவர் தோளுக்குப் போகிறது. பி.காம். படித்தவர்களுக்கு இதன் பெயர் தெரியும். எண்டார்ஸ்மென்ட்! செக்கின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு அடுத்தவரிடம் தள்ளிவிடுவது.

நானும் பி.காம்.தான். பத்திரிகைகளுக்கு எழுதுவது ஆசைக்கு. சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரி ஆபீஸ்களுக்குக் கணக்கு எழுதுவது அரிசிக்கு. மாதம் 20-ம் தேதி நெருங்கினால் ஜி.எஸ்.டி. ரிட்டனுக்காக ராத்திரி பதினோரு மணி வரை உட்கார வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் ஆபீஸில் என்னைத் தவிர இரண்டே ஜீவன்கள். ஒன்று, மேஜைக்கடியில் படுத்திருக்கும் நாய். இன்னொருவர், வாசலில் நாற்காலி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன். மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் 'ஹவில்தார் அய்யா' என்றுதான் கூப்பிடுவோம்.

'முன்னாள் ராணுவ வீரர்' என்றால் நம் மனசில் வரும் படம் வெள்ளை மீசை, ஊன்றுகோல், மார்பில் மெடல். நிஜம் வேறு. 2022-க்கு முன்பு சிப்பாயாகச் சேர்ந்தவர் பதினைந்து, பதினேழு வருஷத்தில் பென்ஷனோடு வெளியே வந்துவிடுவார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதுதான் இருக்கும். பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் வேலையில் 14.5 சதவீதம் முன்னாள் படைவீரர்களுக்கும் போரில் இறந்த வீரர்களின் குடும்பத்தாருக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். உங்கள் பக்கத்து சீட்டில் டிமாண்ட் டிராஃப்ட்டுக்கு சீல் குத்துகிறவரே ஒரு முன்னாள் வீரராக இருக்கலாம். அவர் டிபன் பாக்ஸைத் திறக்கும் ஒழுங்கைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

எங்கள் ஹவில்தார் அய்யா 1983-ல் சேர்ந்து 2000-ல் வெளியே வந்தவர். பதினேழு வருஷ சர்வீஸ். எங்கெங்கே இருந்தீர்கள் என்று யார் கேட்டாலும் ஒரே மாதிரி ஒப்பிப்பார்: "வெலிங்டன்ல ட்ரெய்னிங் ஒரு வருசமுங்க. ராஜஸ்தான் மூணு. பஞ்சாப் நாலு. ஜம்மு நாலு. அஸ்ஸாம் மூணு." கேட்டவர்கள் "அடேயப்பா!" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கணக்கு எழுதுகிறவன் போக முடியுமா? ஒன்று, மூன்று, நான்கு, நான்கு, மூன்று. மொத்தம் பதினைந்து. இரண்டு வருஷம் உதைத்தது.

ஒருநாள் ராத்திரி டீ குடிக்கும்போது கேட்டேன். "ஏனுங்க அய்யா, ரெண்டு வருசம் டேலி ஆகலீங்களே?"

டீயை முழுசாகக் குடித்து முடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். பிறகு சொன்னார்: "அது இலங்கைங்க தம்பி."

1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதி காக்கப் போன இந்தியப் படை அக்டோபரில் புலிகளோடு சண்டையில் இறங்கியது. 1990 மார்ச்சில் திரும்பி வருவதற்குள் நம் வீரர்கள் சுமார் 1,200 பேர் அங்கே உயிரிழந்தார்கள். மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு இறந்த பிறகு பரம்வீர் சக்ரா கிடைத்தது அந்தப் போரில்தான். இன்னொரு பக்கமும் உண்டு. 1987 தீபாவளி சமயத்தில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்களும் நர்ஸுகளும் நோயாளிகளும் இந்தியப் படையின் குண்டுகளுக்குப் பலியானார்கள். அந்த வீடுகளின் துக்கத்துக்கு இன்றுவரை சரியான பதில் இல்லை. கடைசி அணி மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது, அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்பு நிகழ்ச்சிக்குப் போகவில்லை. இலங்கைத் தமிழர்கள் பட்ட துன்பத்தையே காரணமாகச் சொன்னார். அவர் செய்தது சரியா தப்பா என்று டீக்கடைகளில் ரொம்ப காலம் பேசினார்கள். இந்தப் பேச்சுக்கு நடுவே, கப்பலிலிருந்து டிரங்குப் பெட்டியோடு இறங்கிய ராசிபுரம் பக்கத்துக் கிராமத்துப் பையன் ஒருவன் என்ன நினைத்தான் என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

"எனக்குத் தமிழ் தெரியுமுங்களே, அதனால என்னை செக்போஸ்ட்லயே நிறுத்திட்டாங்க. மத்தவனுங்களுக்கு சனங்க திட்டறது புரியாது. நிம்மதியா நின்னுட்டிருப்பானுங்க. எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரியுமுங்க."

கொஞ்ச நேரம் ரோட்டில் போன லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "லீவுல ஊருக்கு வந்தா பஸ்ல கேப்பாங்க, நம்ம ஆளுங்களையேவா சுட்டீங்கன்னு. நான் சுட்டனா, இல்லையான்னு ஒருத்தரும் கேக்கலீங்க. சுட்டேன்னே முடிவு பண்ணிட்டாங்க. அதுக்கப்பறம் அந்த ரெண்டு வருசத்த நான் சொல்றதே இல்லீங்க."

நானும் கேட்கவில்லை. சில கேள்விகளை ஆடிட்டர்கூடக் கேட்கக்கூடாது.

*

2024-ல் அய்யாவுக்கு அறுபது முடிந்தது. பேரனோடு இருக்கப் போகிறேன் என்று வேலையை விட்டார். ஆபீஸில் வழக்கமான பட்டியல் தயாரானது: பொன்னாடை ஒன்று, சுவர்க் கடிகாரம் ஒன்று, குரூப் போட்டோ ஒன்று. அப்போதுதான் நான் எங்கோ படித்திருந்த ஒரு விஷயத்தை முதலாளியிடம் சொன்னேன்.

அமெரிக்காவில் டெலவேர் மாநிலத்தில் கேதரின் ராபர்ட்ஸ் என்று ஒரு அம்மா. மகன் ஈராக் போரில் இருந்தான். மற்ற அம்மாக்களைப் போல அவருக்கும் தூக்கம் வரவில்லை. ஒரு நாள் ஒரு காட்சி மனசில் வந்தது. நடு ராத்திரியில் ஒரு இளைஞன் கட்டில் ஓரத்தில் நொந்துபோய்க் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். அடுத்த காட்சியில் அதே இளைஞன் ஒரு ஒட்டுப் போர்வையைச் சுற்றிக்கொண்டிருக்கிறான். முகம் தெளிந்திருக்கிறது. அவ்வளவுதான் கனவு. 2003-ல் அந்த அம்மா 'க்வில்ட்ஸ் ஆஃப் வேலர்' என்ற அமைப்பைத் தொடங்கினார். வீரத்துக்கான போர்வைகள். ஈராக்கில் காலை இழந்த ஒரு சிப்பாய்க்கு முதல் போர்வை போனது. இன்றைக்கு எண்ணிக்கை மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது.

அவர்கள் விதிமுறைகள் கறாரானவை. போர்வை குறைந்தது 55 அங்குல அகலம், 65 அங்குல நீளம் இருக்க வேண்டும். மேல் துணி, நடுவில் பஞ்சு, அடித் துணி என்று மூன்று அடுக்கு. பின்பக்கம் ஒரு லேபிள். அதில் யாருக்கு, யார் தைத்தது என்று பெயர்கள். வியட்நாம் போருக்குப் போய் வந்தவர்களும் நிறைய பேர் வாங்கியிருக்கிறார்கள். வரவேற்பதா, காறித் துப்புவதா என்று நாடே குழம்பியிருந்த நேரத்தில் ஊர் திரும்பியவர்கள் அவர்கள். ஐம்பது வருஷம் கழித்து, எழுபது வயதில், ஒருவர் தோளில் போர்வையைப் போர்த்தி 'நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தாய்' என்று சொல்லும்போது கிழவர்கள் உடைந்து அழுகிறார்கள்.

இதைச் சொல்லி முடித்ததும் ஆபீஸில் இரண்டு ஆட்சேபணைகள் வந்தன. முதல் ஆட்சேபணை முதலாளியுடையது. "சேலத்து வெயிலுக்குப் போர்வையா? ஏற்காட்டுலயா குடியிருக்காரு?" நியாயம்தான். ஆனால் அமெரிக்கர்களும் வருஷம் முழுக்கப் பனியில் உட்கார்ந்திருப்பவர்கள் அல்லவே. கட்டிலில் விரித்துக்கொள்ளலாம், மொட்டை மாடியில் போட்டுப் படுக்கலாம், பேரனை அதில் உருளவிடலாம்.

இரண்டாவது ஆட்சேபணை புக்கிங் கிளார்க்குடையது. அது கனமானது. "பழந்துணிய ஒட்டுப் போட்டுத் தர்றது மரியாதைங்களா? பிச்சைக்காரனுக்குத் தர்ற மாதிரி இருக்காதுங்களா?"

நம் ஊரில் பழந்துணிக்கு அப்படி ஒரு பெயர் இருக்கத்தான் செய்கிறது. அதற்குப் பதில் சொன்னவர் குமாரபாளையத்தில் இருக்கும் என் பெரியம்மா. முப்பது வருஷமாகத் தையல் மெஷின் மிதிக்கிறவர். "பொறந்த கொழந்தைய மொதல்ல எதுல சுத்தறோம்? புதுத் துணியிலயா? பழைய வேட்டி, பழைய சேலை, அதுவும் வீட்டுப் பெரியவங்க கட்டினது. பழந்துணிய வெளியாளுக்குக் குடுத்தாத்தான் தானம். வூட்டாளுக்குக் குடுத்தா அது ஒறவு. அவரு உங்களுக்கு யாருன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க கண்ணு."

ஆபீஸ் முடிவு பண்ணியது.

*

தையல் பெண்கள் சமாசாரம் என்று நினைக்கும் இளைஞர்களுக்கு ஒரு தகவல். பிரிட்டிஷ் ராணுவத்தில் ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஊசி, நூல், பித்தான் வைத்த ஒரு சின்னப் பை தருவார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஹவுஸ்வைஃப்'! கிரிமியப் போரில் காயம்பட்டு ஆஸ்பத்திரியில் இருந்த தாமஸ் வாக்கர் என்ற சிப்பாயை 1856-ல் ஓவியமாக வரைந்திருக்கிறார்கள். தலையில் காயம், மடியில் கலர் கலராய்த் துணித் துண்டுகள், கையில் ஊசி. அந்தக் காலத்தில் ராணுவ யூனிஃபார்ம் துணிகளை வெட்டி சிப்பாய்களே தைத்த போர்வைகள் இன்றைக்கு மியூசியங்களில் இருக்கின்றன. நம் நாட்டிலும் 1962-ல் சீனாவோடு போர் வந்தபோது ஊர் ஊராகப் பெண்கள் உட்கார்ந்து ஜவான்களுக்கு ஸ்வெட்டர் பின்னி அனுப்பினார்கள்.

எனக்குப் பிடித்தது சிங்கப்பூர்க் கதை. 1942-ல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்ததும் அங்கிருந்த ஐரோப்பியப் பெண்களைக் குழந்தைகளோடு சாங்கி சிறையில் அடைத்தார்கள். கணவன்மார்கள் வேறு முகாம்களில். யார் உயிரோடு இருக்கிறார், யார் இல்லை என்று ஒருவருக்கும் தெரியாது. கனடாக்காரர் எதெல் மல்வனி ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆறு அங்குலச் சதுரமாக ஒரு துணி. அதில் தன் பெயரையும் தன்னைப் பற்றி ஏதாவது ஒன்றையும் எம்ப்ராய்டரி போட வேண்டும். 66 சதுரங்களைச் சேர்த்தால் ஒரு போர்வை. ஆஸ்பத்திரியில் கிடக்கும் போர் வீரர்களுக்கு என்று சொல்லி அனுப்பினார்கள். போர்வையைப் பார்த்த ஆண்கள் தங்கள் மனைவி பெயரைத் தேடினார்கள். பெயர் இருந்தால், உயிரோடு இருக்கிறாள் என்று அர்த்தம்.

தைத்தது மூன்று போர்வைகள். ஒன்று காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்களுக்கு, ஒன்று ஆஸ்திரேலியர்களுக்கு, மூன்றாவது... காயம்பட்ட ஜப்பானியர்களுக்கு! சிறை வைத்தவனுக்கே போர்வை. ஜெயில் அதிகாரிகளிடம் அனுமதி வாங்கும் தந்திரமும் அதில் இருந்திருக்கலாம். இருந்தாலும், சிறைக்குள் இருந்த பெண்கள்தான் 66 சதுரங்களுக்கும் உட்கார்ந்து ஊசி கோத்திருக்கிறார்கள். இரண்டு போர்வைகள் இன்று கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

*

எங்கள் போர்வையின் கணக்கு இது.

துணி தந்தவர்கள் 48 பேர். ஒருவருக்கு ஒன்பது அங்குலச் சதுரம். அகலத்துக்கு ஆறு, நீளத்துக்கு எட்டு. டிரைவர்கள் அதிகம் என்பதால் காக்கி கொட்டிக் கிடந்தது. குமாரபாளையம் லுங்கி ஒன்று, முதலாளியின் வெள்ளைச் சட்டை, அவர் அம்மாவின் சுங்குடிச் சேலை, டீக்கடை அக்காவின் ஜாக்கெட் துணி, கிளீனர் பையனின் பள்ளிக்கூட யூனிஃபார்ம். மெக்கானிக் தந்த துண்டை மூன்று தடவை வெந்நீரில் போட்டும் ஆயில் கறை போகவில்லை. "அது அவரு கையெழுத்து, இருக்கட்டும்" என்றார் பெரியம்மா. ஆட்சேபணை சொன்ன புக்கிங் கிளார்க் தந்தது, தன் கல்யாணத்தன்று கட்டிய வேட்டியின் ஓரம்.

ஒன்பது அங்குலம் வெட்டினால் தையலுக்குள் அரை அங்குலம் போய்விடும், எட்டரைதான் மிஞ்சும் என்பதை பி.காம். சிலபஸில் சொல்லித் தரவில்லை. சுற்றிலும் நான்கு அங்குலத்துக்குப் பச்சை பார்டர் வைத்ததும் கிட்டத்தட்ட ஐந்தடி அகலம், ஆறேகால் அடி நீளம் வந்தது. அமெரிக்க விதிக்கும் சரி, அய்யாவின் உயரத்துக்கும் சரி. நடுவில் இலவம் பஞ்சு வைத்தால் துவைக்கும்போது ஒரே பக்கம் உருண்டுவிடும் என்று மெத்தென்ற பழைய பெட்ஷீட்டை வைத்தோம். அடியில் புது சென்னிமலை பெட்ஷீட்.

மூன்று அடுக்கையும் சேர்த்து ஓட்டுத் தையல் போடுவதுதான் பெரிய வேலை. அதைக் கையால்தான் போட வேண்டும் என்று பெரியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் லாரி ஷெட்டில் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஆபீஸ் ஆட்கள் தையல் கோணல் மாணல். ஆனால் டிரைவர்கள் இருக்கிறார்களே... கோணி ஊசியால் தார்ப்பாய் தைத்துத் தைத்துப் பழகிய கை. மளமளவென்று ஓட்டினார்கள். அவர்கள் போட்ட தையலைப் பிரிக்க வேண்டுமென்றால் லாரிதான் கட்டி இழுக்க வேண்டும்.

செலவு: பெட்ஷீட், பார்டர், நூல் எல்லாம் சேர்த்து 640 ரூபாய். நேரம்: மெஷினில் 14 மணி, கையில் 32 மணி, ஆக 46 மணி. பொன்னாடை போர்த்த ஆகும் நேரம் நான்கு வினாடி. வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. 46 மணி நேரம் ஒருவருக்காக உட்கார்ந்தால் அவரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அந்த ஷெட்டில் நாங்கள் வேறென்ன பேசினோம்? எந்த டிரைவர் பையனுக்கு ராத்திரி ஜுரம் வந்தபோது அய்யா தூக்கிக்கொண்டு ஓடினார், யாருக்கு சத்தமில்லாமல் ஃபீஸ் கட்டினார் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. விழா மேடையில் பேசினால் இதெல்லாம் வராது. மைக் முன்னால் 'கடமை, கண்ணியம்' என்றுதான் வாய் போகும்.

பின்பக்க லேபிளில் அழியாத மையால் 48 பெயர்களையும் எழுதினோம். மேலே அய்யாவின் பெயர், மெட்ராஸ் ரெஜிமென்ட், அதற்குக் கீழே ஒரு வரி: '1983 முதல் 2000 வரை, 17 வருடங்கள்.'

கடைசி நாளன்று முதலாளி போர்த்திவிட்டார். போட்டோவுக்கு நிற்காமல் அய்யா அதைக் கழற்றி மேஜைமேல் விரித்தார். "இது யாருது? இது யாருது?" என்று சதுரம் சதுரமாகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொருவரும் கை தூக்கினோம். பிறகு திருப்பிப் போட்டு லேபிளைப் படித்தார். அந்த வரிக்கு வந்ததும் விரல் நின்றது.

"பதினேழு போட்டிருக்கீங்க தம்பி" என்றார் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"கணக்கு டேலி ஆகணுமுங்களே அய்யா" என்றேன்.

தலையை ஆட்டினார். போர்வையை நான்காக மடித்தார், ராணுவத்தில் கம்பளி மடிக்கிற மாதிரி, ஓரம் ஓரத்தோடு சேர்ந்து. வெகு நேரம் மடித்துக்கொண்டே இருந்தார்.

*

இலங்கை அரசு கொழும்புக்குப் பக்கத்தில் ஸ்ரீஜெயவர்தனபுர கோட்டையில், அங்கே இறந்த இந்திய வீரர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறது. 2019-ல் திறக்கப்பட்ட டெல்லி தேசியப் போர் நினைவகத்திலும் அவர்கள் பெயர்கள் இருக்கின்றன. இறந்தவர்களுக்குக் கல் கிடைத்துவிட்டது. உயிரோடு திரும்பியவர்கள் அறுபதைத் தொட்டுக்கொண்டு ஏ.டி.எம். வாசலிலும் அபார்ட்மென்ட் கேட்டிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் போர் சரி என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அவர்களோடு பேச வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. போருக்கு அனுப்பும் முடிவு டெல்லியில் எடுத்தது. செக்போஸ்டில் நின்று திட்டு வாங்கியது இருபத்து மூன்று வயதுப் பையன்.

எல்லோரும் போர்வை தைக்க வேண்டியதில்லை. உங்கள் ஆபீஸ் கேட்டில் இருப்பவரிடம் "எந்த ரெஜிமென்ட்டுங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலை முழுசாகக் கேட்க ஒரு டீ நேரம் ஒதுக்கினால் போதும். வருஷா வருஷம் டிசம்பர் 7 கொடி நாள். 1949-லிருந்து நடக்கிறது. கொடி நாள் நிதி முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் போகிறது. சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னக் கொடிக்குச் சில்லறை போடும்போது கொஞ்சம் தாராளமாகப் போடலாம்.

துணி விஷயத்தில் இறங்கிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறவர்களுக்கு ஒரு கணக்கு மட்டும். வாரத்துக்கு ஒரு ஞாயிறு, நான்கு மணி நேரம், பன்னிரண்டு ஞாயிறு. செப்டம்பரில் ஆரம்பித்தால் டிசம்பருக்குள் முடிந்துவிடும். அதற்குள் ஆளுக்கு ஒரு சட்டை கிழியாமலா போய்விடும்?